ஊல்வொர்த் கட்டடத்தின் வேலைப்பாடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூயார்க்குக்கு வருகிற சொந்தக்காரர்களையும் நண்பர்களையும் நான் முதலில் கூட்டிப்போவது பிராட்வே 233ஆம் எண்ணில் நிற்கும் ஊல்வொர்த் கட்டடத்துக்குத்தான். எதிரே உள்ள சிட்டி ஹால் பூங்காவில் நின்று அண்ணாந்து பார்த்ததும் கேள்விகள் ஆரம்பித்துவிடும். பல வருஷமாக வாயால் சொல்லிவந்த பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

இது சர்ச்சா, அலுவலகமா?

அலுவலகக் கட்டடம். 1910இல் திட்டமிட ஆரம்பித்து 1913இல் திறந்தார்கள். உயரம் 792 அடி. 1930 வரை உலகத்திலேயே உயரமான கட்டடம் இதுதான். கட்டியவர் ஃபிராங்க் ஊல்வொர்த். வடிவமைத்தவர் காஸ் கில்பர்ட். பின்னாளில் வாஷிங்டனில் அமெரிக்க உச்ச நீதிமன்றக் கட்டடத்தை வடிவமைத்தவரும் இவரே.

சர்ச் போலத் தோன்றுவது உங்களுக்கு மட்டுமில்லை. புரூக்ளினைச் சேர்ந்த பாதிரியார் பார்க்ஸ் காட்மன் இதை 'வணிகத்தின் பேராலயம்' என்று அழைத்தார். அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. கில்பர்ட்டுக்கு அந்த ஒப்பீடு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பெல்ஜியம் பக்கத்து ஊர்களில் இடைக்கால வணிகர்கள் எழுப்பிய நகர மன்றங்களையும் அவற்றின் மணிக்கூண்டுக் கோபுரங்களையும்தான் தான் மனதில் வைத்திருந்ததாகச் சொன்னார். எனக்கு அவர் சொன்னதே சரியாகப் படுகிறது. இந்த ஊசி முனைகளும் கூர் வளைவுகளும் சாமி கும்பிட அழைப்பவை இல்லை. 'இது ஒரு வியாபாரியின் ஊர், அதில் எங்களுக்குப் பெருமை' என்று சொல்பவை.

ஐந்து சென்ட், பத்து சென்ட் கடை நடத்தியவருக்கு இவ்வளவு ஆடம்பரம் எதற்கு?

ஊல்வொர்த் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. கடையில் எடுபிடியாக வேலை கற்றவர். 1879இல் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் ஊரில் திறந்த கடைதான் அவருக்குக் கைகொடுத்தது. எந்தச் சாமானும் ஐந்து சென்ட், பின்னால் பத்து சென்ட். அதைத் தாண்டி விலை கிடையாது. விலையை மறைக்காமல் பொருளைப் பார்வைக்குப் பரப்பிவைத்து, வாங்குபவரே கையில் எடுத்துப் பார்க்கும்படி செய்தார். அந்தச் சில்லறைதான் சேர்ந்து சேர்ந்து ஒரு கோடியே முப்பத்தைந்து லட்சம் டாலர் செலவிலான இந்தக் கட்டடமாக நிற்கிறது. அடமானம், கடன் எதுவும் இல்லாமல் தன் பணத்திலேயே முடித்தார் என்பது அந்தக் காலத்தில் பெரிய பேச்சு.

இன்னொரு காரணமும் உண்டு. அலுவலக அறைகளை வாடகைக்கு விட வேண்டும். ஊரே பேசுகிற கட்டடத்தில் முகவரி வைத்துக்கொள்ள எந்த வக்கீலும் எந்தக் கம்பெனியும் ஆசைப்படும். அப்போது உலகின் உயரமான கட்டடம் 700 அடி மெட்ரோபாலிட்டன் லைஃப் கோபுரம். அதைத் தாண்டியே ஆக வேண்டும் என்று ஊல்வொர்த் நின்றார். கோதிக் பாணி, அதாவது இடைக்கால ஐரோப்பிய ஆலயங்களின் கூர் வளைவுப் பாணி, வேண்டும் என்றதும் அவர்தான். லண்டன் பாராளுமன்றக் கட்டடத்தின் விக்டோரியா கோபுரம் அவர் மனதைக் கவர்ந்திருந்தது.

வெளிச்சுவர் முழுக்கக் கல்லில் செதுக்கியதா?

இல்லை. நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். அடியில் உள்ள சில மாடிகள்தான் சுண்ணாம்புக்கல். அதற்கு மேல் தந்த நிறத்தில் தெரிவதெல்லாம் டெரகோட்டா. அதாவது சூளையில் சுட்ட களிமண், மேலே பளபளப்பான மெருகுப் பூச்சு. கட்டடத்தின் பாரத்தைத் தாங்குவது உள்ளே இருக்கும் எஃகுச் சட்டகம். டெரகோட்டா அந்தச் சட்டகத்துக்குப் போர்த்திய உடுப்பு.

கல்லா, சுடுமண்ணா என்று கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். ஒரே பூ, ஒரே இலை, ஒரே முகம் மாற்றமில்லாமல் வரிசையாகத் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். உளியால் செதுக்கினால் ஒன்று போல் இன்னொன்று அமையாது. அச்சில் எடுத்தால் அமையும். மெருகு பெயர்ந்த இடம் கண்ணில் பட்டால், உள்ளே வேறு நிறத்தில் மண் தெரியும்.

களிமண்ணில் இவ்வளவு நுணுக்கமாக எப்படிச் செய்தார்கள்?

இந்தக் கட்டடத்தில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் வரைபடம். அதைப் பார்த்துச் சிற்பி ஒருவர் களிமண்ணில் முழு அளவு மாதிரி ஒன்றைப் பிடிப்பார். முழு அளவு என்றாலும் சரியான அளவு இல்லை, கொஞ்சம் பெரியது. களிமண் காயும்போதும் சுடும்போதும் சுருங்கும். ஓர் அடிக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் போய்விடும். அதனால் மாதிரி பிடிப்பவர்களிடம் தனியாக ஓர் அளவுகோல் இருக்கும். அதில் ஒவ்வோர் அங்குலமும் சுருக்கத்துக்கு ஈடாகக் கொஞ்சம் நீட்டியே குறிக்கப்பட்டிருக்கும். அந்தக் கோலில் அளந்து செய்தால், சூளையிலிருந்து வெளியே வரும்போது துண்டு தன் இடத்தில் போய்ப் பொருந்தும்.

மாதிரியின்மேல் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுப்பார்கள். அச்சுக்குள் ஈரக் களிமண்ணைக் கை விரலால் அழுத்தி அழுத்தி நிரப்புவார்கள். முழுதாக நிரப்ப மாட்டார்கள். சுவர் மாதிரி ஓரங்களில் அப்பி, உள்ளே குறுக்குத் தடுப்புகள் வைத்து, பின்பக்கம் கூடாக விடுவார்கள். மண் திண்ணமாக இருந்தால் சூளையில் வெடிக்கும், கனமும் கூடும். அச்சைவிட்டு எடுத்த பிறகு, இன்னும் ஈரம் இருக்கும்போதே ஒருவர் உட்கார்ந்து விளிம்புகளைக் கத்தியால் கூர்மையாக்கி, மங்கிய இடங்களைத் திருத்துவார். பிறகு காயவைத்து, மெருகு பூசி, சூளை. வேலைத் தளத்துக்கு வரும்போது ஒவ்வொரு துண்டுக்கும் எண் இருக்கும். எந்த மாடி, எந்த ஜன்னல் என்று பார்த்துப் பின்பக்கக் கூட்டில் இரும்புக் கொக்கியைக் கொடுத்து எஃகுச் சட்டகத்தோடு பிணைப்பார்கள்.

இந்தக் கட்டடத்துக்கு இந்த வேலையைச் செய்து கொடுத்தது அட்லாண்டிக் டெரகோட்டா கம்பெனி. இடைக்காலக் கோதிக் கோபுரம் ஒன்றைக் கல்லில் முடிக்கத் தலைமுறைகள் ஆகும். இது மூன்று ஆண்டுக்குள் எழுந்து நின்றது. அச்சு வேலை என்பதால் மட்டம் என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. முதல் மாதிரியைப் பிடித்த கையும் கடைசியில் விளிம்பைத் திருத்திய கையும் மனிதக் கைதான்.

அவ்வளவு உயரத்தில் இருக்கும் வேலைப்பாட்டை யார் பார்க்கப் போகிறார்கள்?

கில்பர்ட் இந்தக் கேள்வியைத் தனக்குத்தானே கேட்டுக்கொண்டவர். அவர் கண்ட விடைதான் இந்தக் கட்டடத்தின் உயிர் என்பேன்.

கண்ணுக்கு அருகில் இருப்பதைச் சின்னதாக, நுணுக்கமாகச் செய்தார். உயரே போகப் போக அதே உருவங்களைப் பெரிதாக்கினார், குழிவுகளை ஆழமாக்கினார். மேலே உள்ள பூவையோ கூரையோரச் சரிகையையோ பக்கத்தில் நின்று பார்த்தால் முரட்டுத்தனமாகத் தெரியும். தெருவிலிருந்து பார்ப்பவருக்கு அதுவே மெல்லிய பின்னலாகத் தெரிகிறது. நம் கோயில் கோபுரத்தின் மேல்நிலைச் சுதைச் சிற்பத்தைச் சாரத்தில் ஏறி அருகே பார்த்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். கண்ணும் மூக்கும் அங்கே ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கின்றன? கீழே நிற்பவருக்காகத்தான்.

அடுத்தது நிறம். தூரத்திலிருந்து கட்டடம் முழுக்க ஒரே தந்த நிறம் என்று தோன்றும். பைனாக்குலரை எடுத்துப் பாருங்கள். ஜன்னலுக்கு மேலும் கீழும் உள்ள பட்டைகளில் நீலம், பச்சை, காவி, மஞ்சள் எல்லாம் இருக்கும். முன்னால் நீட்டியிருக்கும் வேலைப்பாடு வெளிர் நிறம், அதற்குப் பின்னால் உள்ள தளம் அடர் நிறம். நிழல் விழாத மேகமூட்ட நாளில்கூட அந்த அடர் நிறமே நிழலின் வேலையைச் செய்து வடிவத்தை எடுத்துக்காட்டுகிறது. முதல் தடவை ஒரு டிசம்பர் மாதச் சாம்பல் வானத்தின் கீழ் பைனாக்குலரில் இதைப் பார்த்தபோது, ஓர் ஆழ்ந்த நீலப் பட்டை திடீரென்று கண்ணில் பட்டது. அதுவரை அந்தத் தெருவில் எத்தனையோ முறை நடந்திருக்கிறேன், அந்த நீலம் அங்கே இருப்பது தெரியாமலேயே.

மூன்றாவது, நெடுங்கோடு. தூண்கள் தரையிலிருந்து கோபுர உச்சிவரை எங்கும் தடைபடாமல் ஓடுகின்றன. கிடைக்கோடுகளைப் பின்னால் தள்ளிவிட்டார். அதனால் பார்வை ஓரிடத்தில் நிற்காமல் மேலே ஏறிக்கொண்டே போகும், கடைசியில் பச்சைப் படிந்த செம்புக் கூரையில் போய் நிற்கும்.

வாசலில் பல்லி போன்ற உருவம் எதற்கு?

அது சாலமாண்டர். நெருப்பில் வாழும், நெருப்பு அதை எரிக்காது என்று ஐரோப்பியர் பழங்காலத்தில் நம்பிய பிராணி. தலையில் கிரீடத்தோடு பிராட்வே வாசல் வளைவில் அதை வைத்திருக்கிறார்கள். நெருப்பில் போன இரும்பு எஃகாகிறது, நெருப்பில் போன களிமண் டெரகோட்டாவாகிறது. இந்தக் கட்டடம் எந்த இரண்டு பொருளால் ஆனதோ, அந்த இரண்டும் பிறந்த விதத்தை வாசலிலேயே சொல்லிவைத்திருக்கிறார்கள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத சிற்பம் இது.

அதே முகப்பில், கொஞ்சம் மேலே, ஜன்னல்களை ஒட்டி முகங்கள் தெரியும். ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆசியா, அமெரிக்கா ஆகிய நான்கு கண்டங்களைக் குறிப்பவை அவை. உலகம் முழுக்க வியாபாரம் என்ற எண்ணம்.

மேலே நீட்டிக்கொண்டிருப்பவை கார்கோயிலா?

பார்வைக்கு அப்படித்தான். சரியான அர்த்தத்தில் கார்கோயில் என்றால் மழைநீரைச் சுவரில் படாமல் தள்ளி ஊற்றுகிற தூம்பு. நம் கோயில் கருவறைச் சுவரில் கோமுகம் செய்கிற வேலைக்குக் கிட்டத்தட்டச் சொந்தம். வானளாவிய கட்டடங்களில் மழைநீர் உள்ளே உள்ள குழாய் வழியாக இறங்கிவிடுகிறது. ஆகவே இவை பெரும்பாலும் அழகுக்கு வைத்தவை.

உள்ளே என்ன விசேஷம்?

வெளியே கோதிக் என்றால், உள்ளே நுழைந்ததும் காலம் இன்னும் ஆயிரம் வருஷம் பின்னால் போய்விடும். லாபியை இரண்டு நீண்ட கூடங்கள் சிலுவைபோல் வெட்டிக்கொள்ளும்படி அமைத்து, வெட்டுமிடத்தில் குவிமாடம் வைத்திருக்கிறார்கள். சுவர் கிரேக்கத்தின் ஸ்கைரோஸ் தீவிலிருந்து வந்த பளிங்கு, பொன்னிறத்தில் நரம்போடியது. தலைக்கு மேலே வளைகூரை முழுக்கக் கண்ணாடி மொசைக், அதாவது சின்னச் சின்ன வண்ணக் கண்ணாடித் துண்டுகளைப் பதித்துச் செய்த ஓவியம். நீலம், பச்சை, தங்கம், நடுநடுவே பறவைகளும் பூக்களும். இத்தாலியின் ரவென்னாவில் 5ஆம் நூற்றாண்டில் எழுந்த காலா பிளாசிடியா நினைவாலயத்தின் கூரையைப் பார்த்தவர்களுக்கு இதன் ஊற்று எங்கே என்று தெரிந்துவிடும்.

மொசைக்கை ஒரே இடத்தில் நின்று பார்க்காதீர்கள். மெதுவாக நடந்துகொண்டே பாருங்கள். துண்டுகள் எல்லாம் ஒரே மட்டத்தில் பதிந்திருக்காது. ஒவ்வொன்றும் இம்மி சாய்ந்திருக்கும். அதனால் நீங்கள் நடக்க நடக்க ஒரு தங்கத் துண்டு அணைந்து அடுத்தது பற்றிக்கொள்ளும். என் அம்மாவைக் கூட்டிப்போனபோது, கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை அண்ணாந்தபடி நடந்து, திரும்பி வந்து, இன்னொரு தடவை நடந்தார். 'நகைக்கடை மாதிரி இல்லடா, தீபாராதனை மாதிரி இருக்கு' என்றார்.

மாடத்தில் இரண்டு சுவரோவியங்கள் உண்டு. ஒன்று உழைப்பு, மற்றது வணிகம். பளிங்குப் படிக்கட்டு உள்ள கூடத்துக்கு மேலே வண்ணக் கண்ணாடிக் கூரை இருக்கிறது. அதில் வணிக நாடுகளின் பெயர்களோடு இரண்டு ஆண்டுகளும் எழுதியிருக்கும்: 1879, 1913. முதல் ஆண்டு லங்காஸ்டர் கடை, இரண்டாவது இந்தக் கட்டடம். ஒரு மனிதரின் 34 வருஷ வியாபாரம் அந்த இரண்டு எண்களுக்கு நடுவே இருக்கிறது. ஊல்வொர்த் பெயரின் முதல் எழுத்தையும் வேலைப்பாட்டுக்குள் ஆங்காங்கே ஒளித்திருக்கிறார்கள். கண்டுபிடிக்கிற வேலையைக் குழந்தைகளிடம் விட்டுவிடுங்கள். நம்மைவிடச் சீக்கிரம் கண்டுபிடிப்பார்கள்.

லாபியில் கூரையைத் தாங்கும் குட்டி மனிதர்கள் யார்?

எல்லோரும் கடைசியில் கேட்கும் கேள்வி, எனக்கு முதலில் சொல்ல ஆசையான பதில்.

வளைவுகள் சுவரைத் தொடும் இடத்தில், பாரம் தாங்கும் போதிகைக் கட்டை இருக்க வேண்டிய இடத்தில், குந்தி உட்கார்ந்த மனித உருவங்கள் இருக்கின்றன. இடைக்கால ஐரோப்பிய ஆலயங்களில் கல்தச்சர்கள் தங்கள் கூட்டாளிகளின் முகத்தை இப்படி மூலையில் செதுக்கிவைக்கும் வழக்கம் உண்டு. இங்கே இருப்பவர்கள், கட்டடத்தை நிஜமாகவே கட்டியவர்கள்.

ஊல்வொர்த் முழங்காலை மடக்கி உட்கார்ந்து சில்லறை எண்ணிக்கொண்டிருக்கிறார். காசு ஒன்றை விரலுக்கு இடையில் பிடித்திருக்கிறார். இவ்வளவு பெரிய கட்டடத்தின் முதலாளி, தன்னை இந்தக் கோலத்தில் வைக்கச் சம்மதித்தார் என்பதை நினைத்துப் பாருங்கள். பணம் எங்கிருந்து வந்தது என்பதை அவர் மறைக்க விரும்பவில்லை. கில்பர்ட் மூக்குக் கண்ணாடியோடு கட்டடத்தின் மாதிரியைக் கையில் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், தூங்கும் பிள்ளையைத் தாங்குவது போல. எஃகுச் சட்டகத்தைக் கணக்கிட்ட பொறியாளர் குன்வால்ட் ஆவ்ஸ் ஓர் உத்திரத்தை அளக்கிறார். கட்டுமானக் கம்பெனியின் லூயிஸ் ஹோரோவிட்ஸ் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கிறார். வங்கிக்காரரும், வாடகைக்கு ஆள் பிடித்தவரும்கூட இருக்கிறார்கள்.

மதுரைப் புதுமண்டபத்தில் தூண்களில் நாயக்க மன்னர்கள் கைகூப்பி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கட்டுவித்தவர் தன் கட்டடத்துக்குள்ளேயே நிற்கிற மரபு அங்கும் உண்டு. இங்கே வித்தியாசம், பணம் கொடுத்தவரோடு கணக்குப் போட்டவரும் வரைந்தவரும் ஒரே வரிசையில், ஒரே அளவில் உட்கார்ந்திருப்பது.

வெளியே சில இடங்கள் இப்போது மொட்டையாகத் தெரிகின்றனவே?

உண்மைதான். தண்ணீர் செய்த வேலை. சுவர் முழுக்க இறுக்கமாக ஒட்டி, விரிந்து சுருங்க இடைவெளியே இல்லாமல் அமைந்திருந்தது. காற்றில் கட்டடம் இம்மி அசையும்போதும் வெயிலில் விரியும்போதும் அந்த அழுத்தமெல்லாம் சுடுமண் துண்டுகள்மேல் ஏறியது. விரிசல் விழுந்தது. விரிசல் வழியாக மழைநீர் உள்ளே போய்ப் பின்னால் இருந்த இரும்புக் கொக்கிகளைத் துருப்பிடிக்கவைத்தது. துருப்பிடித்த இரும்பு பருக்கும். பருத்த இரும்பு மண்ணை இன்னும் பிளக்கும். நம் ஊர்க் காங்கிரீட் வீடுகளில் கம்பி துருவேறிக் கூரை பெயர்ந்து விழுவதும் இதே கதைதான்.

1977இலிருந்து 1981 வரை பெரிய அளவில் பழுது பார்த்தார்கள். சுமார் 26,000 டெரகோட்டா துண்டுகளை எடுத்துவிட்டு, அவற்றுக்குப் பதிலாகக் காங்கிரீட் வார்த்து வைத்தார்கள். எல்லா அலங்காரத்தையும் திரும்பச் செய்யவில்லை. சிலவற்றை எடுத்ததோடு விட்டுவிட்டார்கள்.

அப்படியானால் இப்போது பார்ப்பது போலியா?

நான் அப்படிச் சொல்ல மாட்டேன். விழுந்து யாராவது தலையில் படுவதைவிட மாற்றுவது மேல். ஆனால் ஒரு வருத்தம் உண்டு. சுட்ட மெருகில் வெளிச்சம் உள்ளே கொஞ்சம் இறங்கித் திரும்பிவரும், ஈரத் துணிபோல ஒரு மினுக்கு இருக்கும். காங்கிரீட்டின் மேல் பூசிய பூச்சில் வெளிச்சம் மேலாகவே நின்றுவிடுகிறது. வெயில் சாய்ந்து விழும் நேரத்தில், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் பழைய துண்டையும் புதுத் துண்டையும் பைனாக்குலரில் ஒப்பிட்டால் அது தெரியும். மிச்சமிருக்கும் பழைய டெரகோட்டா துண்டுகளை ஒவ்வொன்றாகக் காப்பாற்ற வேண்டும் என்று நான் ஓயாமல் சொல்வதற்கு இதுவே காரணம்.

சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. 1966இல் தேசிய வரலாற்றுச் சின்னமாகவும், 1983இல் நியூயார்க் நகரின் பாதுகாக்கப்பட்ட சின்னமாகவும் அறிவித்தார்கள். நகரின் அறிவிப்பு வெளிச்சுவரோடு லாபியையும் சேர்த்துக்கொண்டது.

திறப்பு விழா எப்படி நடந்தது?

1913 ஏப்ரல் 24ஆம் தேதி இரவு. வாஷிங்டனில் அதிபர் உட்ரோ வில்சன் ஒரு பொத்தானை அழுத்த, இங்கே 80,000 விளக்குகள் ஒரே நேரத்தில் எரிந்தன. 27ஆம் மாடியில் சுமார் 900 பேருக்கு விருந்து.

உள்ளே போய்ப் பார்க்க முடியுமா?

இப்போது மேல்மாடிகள் குடியிருப்புகள், கீழே அலுவலகங்கள். லாபிக்குள் சும்மா நுழைய விடமாட்டார்கள். வழிகாட்டியோடு முன்பதிவுச் சுற்றுலா நடக்கும் நாள்களைப் பார்த்துப் போங்கள். ஒரு காலத்தில் உச்சியில் பார்வை மாடம் இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடினார்கள், பிறகு திறக்கவில்லை.

எங்கே நின்று, எந்த நேரத்தில் பார்ப்பது நல்லது?

பிராட்வே முகப்பு கிழக்கு பார்த்தது. ஆகவே காலை. சூரியன் கொஞ்சம் ஏறி, வெளிச்சம் முகப்பில் சாய்வாக விழும்போது குழிவுகள் எல்லாம் தனித்தனியாகத் தெரியும்.

முதலில் புரூக்ளின் பாலத்தின் மேல் பாதி தூரம் நடந்து திரும்பிப் பாருங்கள். முழு உருவமும் செம்புக் கூரையும் அங்கிருந்துதான் நன்றாக அமையும். பிறகு சிட்டி ஹால் பூங்காவுக்கு இறங்கி வந்து, ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பைனாக்குலரை எடுங்கள். கீழிருந்து ஆரம்பித்து ஒரே ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு மேலே போங்கள். இரண்டு மூன்று முறை போனால் நிறப் பட்டைகள் பிடிபடும். கடைசியாகத் தெருவைக் கடந்து வாசல் வளைவுக்குக் கீழே போய் நில்லுங்கள். கிரீடம் வைத்த சாலமாண்டர் அங்கே இருக்கும். குளிர்காலமானால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பைனாக்குலரைப் பிடித்த விரல் விறைத்துவிடும்.